கிணற்றுக்குள் இருந்து வந்த வசனம்

போன வாரம் நம் வாட்ஸ்அப் குழுவில் யாரோ தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலரைப் போட்டிருந்தீர்கள். நாமெல்லாம் அமெரிக்காவில், எடிசன் ஊரில் சிறுபிள்ளைகளாக இருந்த காலத்துத் தீபாவளி விழாப் படங்கள். அதில் நாடகத்தின் படமும் இருக்கிறது. ஒரு பெண் கட்டம் போட்ட போர்வையை விரித்துப் பிடித்திருக்கிறாள். எதிரே தலைப்பாகை கட்டிய ஒருவர் நெஞ்சில் கைவைத்து நிற்கிறார். நடுவில் ஒரு கிணறு. கீழே ‘கதை, வசனம், இயக்கம்’ என்று போட்டு ஒரே ஒரு பெயர். ‘அங்கிள் அப்பவே லெஜண்ட்’ என்று ஒருவர் எழுத, நீங்கள் எல்லோரும் அதற்கு இதயம் போட்டீர்கள்.

நான் குழுவில் பேசுகிறவள் இல்லை. பிறந்தநாள் வாழ்த்துகூட இரண்டு நாள் யோசித்துவிட்டு அனுப்பாமல் விட்டுவிடுவேன். படிப்பும் பன்னிரண்டாவதோடு சரி. உங்களில் பலர் அங்கேயே பெரிய வேலைகளில் இருக்கிறீர்கள். நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் துணி செக்கிங் பார்க்கிறேன். ஆனால் இந்தப் படத்தைப் பற்றி நான் எழுதத்தான் வேண்டும். படத்தில் நானும் இருக்கிறேன். அந்தக் கிணற்றுக்குள் இருக்கிறேன்.

யார் பெயரையும் எழுத மாட்டேன். என் அம்மாவின் பெயரை அந்த ‘லெஜண்ட்’ எங்கேயும் போடவில்லை. அவர் பெயரை நான் ஏன் போட வேண்டும்? அவரைச் செக்ரட்டரி அங்கிள் என்றே சொல்கிறேன். நாம் அப்படித்தானே கூப்பிட்டோம்.

சங்கத்துக்குச் செயலாளர் அவர். அதைவிட முக்கியம், என் அப்பாவுக்கு விசா எடுத்துக் கூட்டிவந்த கம்பெனி அவருடையது. ஊரில் இருந்து ஆட்களைக் கூட்டிவந்து வேறு கம்பெனிகளுக்கு அனுப்பிவைப்பார். ஒரு ப்ராஜெக்ட் முடிந்து அடுத்தது வரும்வரை சும்மா இருப்பதற்குப் பெஞ்சில் இருப்பது என்று பெயர். அந்த வருடம் கோடை முழுவதும் அப்பா பெஞ்சில் இருந்தார். தினமும் காலையில் குளித்து, சட்டையை உள்ளே விட்டு, ஷூ போட்டுக்கொண்டு போன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். சாயங்காலம் ஷூவைக் கழற்றுவார். போன் அடித்தால், “சொல்லுங்க சார்” என்று எழுந்து நின்றுதான் பேசுவார்.

ஒருநாள் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்: “அங்கிள்கிட்ட மரியாதையா இரு கண்ணு. கொலராடோல ஒரு ப்ராஜெக்ட் இருக்குதாம். அதுக்கு அவர் என்னை அனுப்பலைன்னா டிசம்பரோட விசா முடிஞ்சுது. நம்ம ஊருக்கே, கோபிக்கே, திரும்பிப் போயிர வேண்டியதுதான்.”

எனக்குப் பன்னிரண்டு வயது. இது எனக்கு நன்றாகப் புரிந்தது. தெரியாத்தனமாகச் செய்துவிட்டேன் என்று பின்னால் சொல்லமுடியாத அளவுக்குப் புரிந்தது.

அப்பாவின் விசாவைச் சார்ந்து வந்தவள் என்பதால் அம்மாவுக்கு வேலை செய்ய அனுமதி கிடையாது. கார் ஓட்டவும் தெரியாது. நடக்கிற தூரத்தில் இருந்தது நூலகம் ஒன்றுதான். அங்கே வீடியோ கேசட்டுகளை இரவல் தருவார்கள். ஆங்கிலம் அதிகம் பேசாத படமாகப் பார்த்து எடு என்று அம்மா சொன்னதால், அட்டையில் குதிரை இருந்த ஒரு கேசட்டை எடுத்தேன். பழைய கறுப்பு வெள்ளைக் கௌபாய் படம். மிகவும் புகழ்பெற்றதாம். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்கள் தேடிப் பார்த்துவிட்டு, அம்மாவின் நாடகம் அந்தப் படம் மாதிரி இல்லை என்பீர்கள்.

கதை இதுதான். புழுதி பறக்கும் ஒரு சின்ன ஊர். முகமூடி போட்ட ஐந்து பேர் ஒருவனைச் சுட்டுக் கொன்றுவிடுகிறார்கள். ஐந்து முகமூடிகளும் கட்டம் போட்ட ஒரே மேஜை விரிப்பில் இருந்து வெட்டியவை. செத்தவனின் தங்கை அந்த ஊருக்கு வந்து துணி வெளுக்கிறாள். ஊரார் அழுக்குத் துணியெல்லாம் அவள் கைக்குத்தானே வர வேண்டும்? அந்தக் கட்டத் துணியைத் தேடுகிறாள். ஒவ்வொருவராக நான்கு பேரைக் கண்டுபிடிக்கிறாள். அந்த ஊர் போலீஸ் அதிகாரியான ஷெரிப் கூடவே இருந்து உதவுகிறார். கடைசியில் ஐந்து ஓட்டைகளோடு அந்த விரிப்பு ஷெரிப் வீட்டு மூட்டையிலேயே வருகிறது. கிணற்றடியில் அதைக் கொடியில் காயப்போட்டுவிட்டு அவருக்காகக் காத்திருக்கிறாள். அவர் வருகிறார், பார்க்கிறார், எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறார்.

“துணியப் பத்தித் தெரிஞ்சவன் எழுதியிருக்கான்” என்றாள் அம்மா. மறுபடியும் பார்த்தாள். நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி. நிறுத்தும்போது படத்தின் குறுக்கே இரண்டு வெள்ளைக் கோடுகள் நடுங்கும். அந்தக் கோடுகளுக்கு நடுவில் கதாநாயகியின் கையை அம்மா பார்த்துக்கொண்டே இருப்பாள். ஹீட்டர் அப்போதுதான் போட ஆரம்பித்திருந்தார்கள். அறையெல்லாம் தூசி கருகும் வாசனை.

படம் முடிந்து திரை கொஞ்ச நேரம் இருட்டாக இருக்கும். பிறகு இன்னொரு அரைமணி நேரம் வரும். இந்தப் படத்தை எடுத்தவர்கள் அப்புறம் என்ன ஆனார்கள் என்று. மற்றவர்கள் அதற்குள் கேசட்டை எடுத்துவிடுவார்கள் போல. நாங்கள் அதைத்தான் அதிகம் பார்த்தோம். நான் வாக்கியம் வாக்கியமாக அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன்.

டைரக்டருக்கு அதன் பிறகு இரண்டு படங்கள் கிடைத்தன, இரண்டையும் பாதியில் பிடுங்கிக்கொண்டார்கள். கடைசியில் சோப்புத்தூள் விளம்பரம் எடுத்தாராம். கதாநாயகி படத்துக்காக நிஜமாகவே துவைத்துக் கையெல்லாம் தோல் உரிந்து கிடந்தாள். அவளுக்கு மறுபடி மறுபடி வெளுக்கிறவள் வேஷமே கொடுத்தார்கள். விட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்து வாத்தியார் வேலைக்குப் போனாள். ஷெரிப்பாக நடித்தவருக்கு மட்டும் எல்லாம் கிடைத்தது. பண்ணை, குதிரைகள், சொந்த ஊரில் சிலை. அந்தக் கிணற்றடி வசனம் ஷூட்டிங்கில் தனக்கே தோன்றியது என்று போகிற இடமெல்லாம் சொன்னார்.

எழுதியவர் வேறொருவர். முதலாளியோடு சண்டை போட்டதால் அவர் பெயரை எடுத்துவிட்டு வேறு யார் பெயரையோ போட்டுவிட்டார்கள். குளிர்சாதனப் பெட்டியை எப்படிச் சுத்தம் செய்வது என்று சின்னப் புத்தகங்கள் எழுதிப் பிழைத்தார். வயதான காலத்தில், அந்தப் படத்தை எந்த ஊரில் மறுபடி திரையிட்டாலும் பஸ் பிடித்துப் போவாராம். கடைசி வரிசையில் உட்காருவார். கிணற்றடிக் காட்சி வந்ததும், ஷெரிப் வாயைத் திறப்பதற்கு ஒரு நொடி முன்னால், வசனத்தை இருட்டில் இருந்து சத்தமாகச் சொல்லுவார். அடுத்தது, அதற்கடுத்தது. நாலைந்து தியேட்டர்களில் பிடித்து வெளியே தள்ளினார்கள். அதைச் சொல்லும்போது கிழவர் பல் இல்லாத வாயால் சிரித்தார். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது.

அம்மா எழுத ஆரம்பித்தது அப்போதுதான். அப்பா முந்தைய வேலையில் இருந்து கொண்டுவந்த கம்ப்யூட்டர் தாள்கள், இரண்டு ஓரமும் ஓட்டை போட்டு, ஒன்றோடொன்று ஒட்டி மடித்து வருமே, அதன் பின்பக்கத்தில் எழுதினாள். வெளுக்கிறவளைத் தையற்காரி ஆக்கினாள். மேஜை விரிப்பு சென்னிமலைப் போர்வை ஆனது. ஷெரிப் ஊர்த்தலைவர் ஆனார். குதிரை கிடையாது. படத்தில் இல்லாத ஒரு வரியைக் கடைசி வசனத்தில் சேர்த்தாள்: ‘உன் அண்ணன் என் குரலைக் கேட்டுத்தான் கதவைத் திறந்தான்.’ அதைப் படித்துக் காட்டியபோது அப்பா ஷூவைக் கழற்ற மறந்து உட்கார்ந்திருந்தார்.

தீபாவளி விழாவுக்கு நாடகம் வேண்டும் என்று செக்ரட்டரி அங்கிள் தேடிக்கொண்டிருந்தார். அப்பாதான் கொண்டுபோய்க் கொடுத்தார். மறுநாளே அங்கிள் வீட்டுக்கு வந்தார்.

“சிஸ்டர், கலக்கிட்டீங்க. அந்த ப்ரெசிடென்ட் கேரக்டர் நானே பண்றேன். ஒரே ஒரு சின்ன மேட்டர். உங்க நேம் போட முடியாது.”

“ஏனுங்க?” என்றாள் அம்மா.

“நீங்க டிபெண்டன்ட் விசால இருக்கீங்க. நோட்டீஸ்ல ரைட்டர்னு உங்க நேம் வந்தா ஒர்க் பண்ணின மாதிரி ஆயிடும். இமிக்ரேஷன்ல எவனாவது பார்த்தான்னு வைங்க, சார் விசாவும் சேர்ந்து போயிடும். எனக்கும் ப்ராப்ளம். ஸோ, சேஃப்டிக்கு என் நேம்ல போட்டுடறேன்.”

இன்றைக்கு இதைப் படிக்கும்போது உங்களுக்குச் சிரிப்பு வரும். சங்கத்து நாடகத்துக்குக் கதை எழுதினால் விசா போகுமா? ஆனால் அன்றைக்கு எங்கள் வீட்டில் மூன்று பேரும் நம்பினோம். அந்தக் குடியிருப்பில் இருந்த எல்லோருமே இப்படிப்பட்ட விஷயங்களை நம்பினார்கள். பக்கத்து வீட்டு ஆன்ட்டி, காசுக்கு அடுத்தவர் குழந்தையைப் பார்த்துக்கொள்வது தெரிந்துவிடும் என்று பால்கனியில் குழந்தைத் துணிகூடக் காயப்போட மாட்டார். அப்பா உடனே, “வேண்டாமுங்க சார், பேரெல்லாம் எதுக்கு?” என்றார். அம்மா காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஒத்திகை அங்கிள் வீட்டு பேஸ்மென்ட்டில் நடந்தது. அவருக்கு ஒரு வரிகூட மனப்பாடம் ஆகவில்லை. மேடையில் மறைந்திருந்து வசனம் எடுத்துக்கொடுக்க ஆள் தேவைப்பட்டது. நீங்களெல்லாம் அங்கே பிறந்தவர்கள், தமிழ் படிக்கத் தெரியாது. பெரியவர்கள் எல்லோரும் வேஷம் கட்டிக்கொண்டார்கள். ஆகவே நான். குளிர்சாதனப் பெட்டி வந்த அட்டைப்பெட்டியை வெட்டி, கல் மாதிரி வண்ணம் அடித்துக் கிணறு செய்தார்கள். அதற்குள் டார்ச் விளக்கோடு நான் உட்கார்ந்துகொள்ள வேண்டும். உள்ளே பெயின்ட் வாசனையும் பசை வாசனையும் மூச்சு முட்டும். அங்கிள் கிணற்றுக்குப் பக்கத்திலேயே நின்றுகொள்வார். நான் சொல்வதைக் காதில் வாங்கி, கையைக் காலை ஆட்டி, குரலை உருட்டித் திருப்பிச் சொல்வார். காதில் விழுவதற்கும் வாயில் வருவதற்கும் நடுவில் அவருக்கு எதுவும் நடப்பதில்லை.

ஒருநாள் அம்மா அடைப்புக்குறிக்குள் எழுதியிருந்ததையும் தவறிப்போய்ப் படித்துவிட்டேன். அவர் தோளை உலுக்கி, வானத்தைப் பார்த்து, “இங்கே இருமவும்!” என்று கர்ஜித்தார்.

தையற்காரியாக நடித்த டாக்டர் ஆன்ட்டி சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். “அண்ணா, நீங்க டெலிபோன் டைரக்டரியக் குடுத்தாலும் அழுதுட்டே படிப்பீங்க!” என்றார். நான் பெட்டிக்குள் சிரிக்கவில்லை. எனக்கு வேறொன்று தோன்றிவிட்டது.

தோன்றியதைச் செய்திருக்கவும் மாட்டேன். நான் பயந்த பிள்ளை. ஆனால் விழாவுக்கு முந்தின ஒத்திகையில், யாரோ அந்தக் கதவைத் திறக்கும் வரியைப் புகழ்ந்தார்கள். அங்கிள் ஜூஸ் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “அது டர்ன்பைக் ஹைவேல டிரைவ் பண்ணிட்டு இருக்கும்போது அப்படியே தோணிச்சு. காரை ஓரம் கட்டி எழுதினேன்” என்றார்.

அம்மா இரண்டடி தள்ளி நின்று பேப்பர் தட்டுகளில் சுண்டல் போட்டுக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை. அடுத்த தட்டில் போட்டாள். நான் அவள் முகத்தையே பார்த்தேன். அவள் ஏதாவது சொல்லியிருந்தால், முகமாவது கோணியிருந்தால், நான் விட்டிருப்பேன் என்று நினைக்கிறேன்.

விழா அன்று பகலில், பள்ளிக்கூட அரங்கத்தின் கழிவறையில் கதவைத் தாழிட்டுக்கொண்டு கடைசித் தாளில் என் வரிகளை எழுதினேன். எழுதும்போது அப்பாவின் ஷூ கண்முன் வந்தது. கொலராடோ வந்தது. தெரிந்தேதான் எழுதினேன்.

அரங்கம் நிறைந்திருந்தது. உங்கள் நடனங்கள் முடிந்து, பட்டுப்பாவாடைகளோடு முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்தீர்கள். நாடகம் நன்றாகவே நடந்தது. முகமூடிக்காரர்கள் ஒவ்வொருவராகப் பிடிபட்டார்கள். டாக்டர் ஆன்ட்டி போர்வையை உதறி விரித்தார். ஐந்து ஓட்டைகள் வழியாக வெளிச்சம் வந்தது. அங்கிள் கிணற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் மோதிரம் அட்டையில் தட்டும் சத்தம் என் தலைக்கு மேலே கேட்டது.

“ஆமாம். ஐந்தாவது ஆள் நான்தான்” என்றேன் உள்ளே இருந்து.

“ஆமாம்! ஐந்தாவது ஆள்... நான்தான்!” என்றார்.

“அடுத்தவர் சொத்தை எடுத்து என் பெயரைப் போட்டுக்கொண்டேன்.”

சொன்னார். குரல் தழுதழுத்தது.

“இந்த நாடகத்தில் ஒரு வரிகூட நான் எழுதவில்லை.”

“இந்த நாடகத்தில்...” என்று ஆரம்பித்து, நெஞ்சில் அடித்துக்கொண்டு, “ஒரு வரிகூட நான் எழுதவில்லை!” என்று அழுதார்.

மலரில் இருக்கும் படம் அந்த நொடியில் எடுத்தது. அந்தக் கை நடிப்புக்காக வைத்த கைதான்.

கூட்டம் கைதட்டியது. ஏதோ புதுமாதிரி நாடகம் என்று நினைத்திருப்பார்கள். அதோடு போயிருக்கும். ஆனால் டாக்டர் ஆன்ட்டி கிணற்றைப் பார்த்தார். அட்டையின் விரிசல் வழியாக அவர் கண் எனக்குத் தெரிந்தது. அவர் நேராக அங்கிளிடம் திரும்பி, தையற்காரியின் குரலிலேயே, ஓங்கிக் கேட்டார்: “அப்போ எழுதினது யாருய்யா?”

அது தாளில் இல்லாத கேள்வி. அங்கிள் பழக்கத்தில் கிணற்றுப் பக்கம் காதைச் சாய்த்தார். நான் அம்மாவின் பெயரைச் சொன்னேன், இனிஷியலோடு.

அவர் சொன்னார். முழுப் பெயரும் அரங்கத்தின் கடைசி வரிசைவரை கேட்கும்படி சொன்னார். சொல்லி முடித்த பிறகுதான் அவர் காதுக்கு எட்டியது. வாய் திறந்தபடி நின்றுவிட்டது. முன்வரிசையில் உங்களில் யாரோ “ஹூ?” என்று கேட்டீர்கள். பின்னால் பெண்கள் பக்கம் இருந்து சிரிப்பு கிளம்பி முன்னால் வந்தது. யாரோ திரையை இழுத்தார்கள்.

அவர் குனிந்து கிணற்றுக்குள் பார்த்தார். நான் டார்ச்சை அணைக்கவில்லை. நேராக அவர் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தேன்.

இதற்காகத்தானே எல்லாம் என்று, பெட்டியைக் கிழித்துக்கொண்டு அம்மாவைத் தேடி ஓடினேன். அரங்கத்தில் அவள் இல்லை. நாடகம் முடியும் நேரத்துக்குச் சாப்பாடு தயாராக இருக்க வேண்டும் என்று, வேலை செய்ய அனுமதியில்லாத பெண்களையெல்லாம் கான்டீனுக்கு அனுப்பியிருந்தார்கள். அம்மா அங்கே ஏப்ரன் கட்டிக்கொண்டு சாம்பாரைப் பெரிய ட்ரேக்களில் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரு சொல்லும் கேட்டிருக்கவில்லை.

அப்பா எனக்கு முன்னால் அங்கே போய்ச் சேர்ந்திருந்தார். முகம் வெளுத்துப் போயிருந்தது. மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா கரண்டியை வைத்துவிட்டு வந்து என் கன்னத்தில் ஓர் அறை விட்டாள். கையில் பெருங்காய வாசனை.

பார்க்கிங்கில் அங்கிள் அப்பாவிடம், “டாட்டரை நல்லா வளர்த்திருக்கீங்க” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. சொல்லவும் தேவையில்லை. கொலராடோவுக்கு வேறு யாரோ போனார்கள். விசாத் தாள்கள் கம்பெனியில் ‘ப்ராசஸ்’ ஆகிக்கொண்டே இருந்தன, டிசம்பர் வரை. அப்பா போன் பக்கத்தில் உட்காருவதை நிறுத்திவிட்டார். ஊர் திரும்பியதும் கோபியில் ஒரு கூட்டுறவு அலுவலகத்தில் கணக்கெழுதும் வேலைக்குப் போனார். கம்ப்யூட்டரை அதன் பிறகு அவர் தொட்டுப் பார்த்ததில்லை. நான் படித்தது ஏன் பன்னிரண்டாவதோடு நின்றது என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

நான் வருத்தப்படுகிறேன் என்று எழுதுவேன் என எதிர்பார்ப்பீர்கள். அப்பாவை நினைத்தால் இன்றும் வருத்தம் உண்டு. அவரிடம் நான் கேட்டுவிட்டுச் செய்திருக்க வேண்டும். ஆனால் அந்த அங்கிள் விஷயத்தில் எனக்குத் துளி வருத்தம் கிடையாது. இரண்டு வாரம் இந்தியன் கடையில் அவரைப் பார்த்தவர்களெல்லாம், “அப்போ எழுதினது யாருய்யா?” என்று முதுகுக்குப் பின்னால் சொல்லிச் சிரித்தார்களாம். இரண்டு வாரம் போதாது. இன்னும் இருந்திருக்கலாம். மலரைப் பார்த்தால் மறந்துவிட்டார்கள் என்று தெரிகிறது. அதனால் இப்போது மறுபடி சொல்கிறேன், எல்லோருக்கும் கேட்கட்டும்.

அம்மா என்னை அறைந்த பிறகு பல வாரம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. சாப்பிடு, எழுந்திரு, அவ்வளவுதான். ஊருக்குக் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருந்தோம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு குளியலறை எடை மெஷினில் ஏறுவாள், இறங்கி இரண்டு பொருளை எடுப்பாள், மறுபடி ஏறுவாள். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. மெஷினில் நின்றபடி, முள்ளைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்:

“எப்படிச் சொன்னாரு?”

“யாரும்மா?”

“அவருதான். எம் பேரை எப்படிச் சொன்னாரு?”

நான் சுவர்ப்பக்கம் நகர்ந்தேன். அடிக்கப் போகிறாளோ என்று பயம்.

“சும்மா சொன்னாரா, கத்திச் சொன்னாரா? சொல்லு கண்ணு. அத்தனை பேரும் கேட்டிருக்கீங்க. எனக்கு மட்டும் தெரியாது.”

நான் சுவரோரமாக நின்ற சூட்கேசைக் கிணறு மாதிரி பிடித்துக்கொண்டேன். தோளை உலுக்கினேன். நெஞ்சில் கைவைத்து, குரலை உருட்டி, “இந்த நாடகத்தில் ஒரு வரிகூட நான் எழுதவில்லை!” என்று அழுதேன்.

அம்மா பெட்டியைக் கீழே இறக்கிவைத்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை.

அப்பா பெட்டி கட்டும் கயிறோடு அறை வாசலுக்கு வந்திருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. நான் கையை இறக்கிவிட்டேன். அவர் அம்மாவைப் பார்த்தார். கயிற்றைக் கீழே போட்டார். பிறகு, வீட்டில் எப்போதும் உயராத அவருடைய குரலில், பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி கேட்டார்:

“அப்போ எழுதினது யாருய்யா?”

நான் வாயைத் திறந்தேன். அம்மா கையை நீட்டி என்னை நிறுத்தினாள். எடை மெஷினில் இருந்து இறங்காமல், நிமிர்ந்து நின்று, தன் பெயரை அவளே சொன்னாள், இனிஷியலோடு.